பாய்க்கும் விளக்குக்கும் எழுதிய கணக்கு

காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போகிற சாலையில் வாலாஜாபாத்தைத் தாண்டினால் பழைய சீவரம். வலப்புறம் பாலாறு, மறுகரையில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம் என்பதால் ஊருக்கு அந்தப் பெயர். ஆண்டில் பல மாதங்கள் அங்கே கூடிக் கிடப்பது மணல்தான். ஆற்றங்கரையில் இருக்கும் வெங்கடேசப் பெருமாள் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் சுவரில் ஒரு நீண்ட கல்வெட்டு, வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்தது. 1915இல் தொல்லியலார் பட்டியலில் ஏறிய அதைக் கே.வி. சுப்பிரமணிய ஐயர் பின்னர் ‘எபிகிராபியா இண்டிகா’வின் 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார்.

மெய்க்கீர்த்தியில் வழக்கம்போல் அரசன் சாளுக்கியரை விரட்டுகிறான். அது முடிந்ததும் நெல் கணக்கு தொடங்குகிறது. அமுதுபடிக்கு இவ்வளவு, விளக்குக்கு இவ்வளவு, மாலைக்கு, திருவிழாவுக்கு, திருவாய்மொழி ஓதுவோருக்கு என்று வரி வரியாகப் போய், நடுவில் கோயில் கணக்கு மெல்ல ஒரு விடுதிக் கணக்காக மாறுகிறது. படிக்கிற பிள்ளைகள் படுத்துறங்கப் பாய். இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய். சனிக்கிழமை தலைமுழுகத் தனியாக எண்ணெய். ஆயிரம் ஆண்டு ஆகப்போகிறது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் இன்னும் பல ஆண்களின் வழக்கத்தில் இருக்கிறது, கல்வெட்டு சொல்லும் பள்ளிதான் இல்லை.

ஒரு விடுதிப் பள்ளியின் வரலாற்றை எழுத உட்காருபவர் முதலில் கட்டடத்தைத் தேடுவார். எந்த ஆண்டு அடிக்கல் நட்டார்கள், பிள்ளைகள் தங்கும் பகுதியை யார் பணத்தில் எழுப்பினார்கள், விளையாட்டுத் திடலுக்கு நிலம் எப்படி வந்தது என்று கேட்பார். ஊட்டி லவ்டேல் லாரன்ஸ் பள்ளியின் வரலாற்றை அப்படி எழுதிவிடலாம். காஞ்சி வட்டாரத்தின் பழைய விடுதிப் பள்ளிகளிடம் அதே கேள்விகளோடு போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். அவற்றுக்குக் கட்டடமும் இருந்தது, நிலமும் இருந்தது. ஆனால் கட்டடம் பள்ளியுடையதாக இல்லை. நிலம் பள்ளியைச் சுற்றி இல்லை. இந்த இரண்டும் புரிந்தால்தான் அந்தப் பாய்க் கணக்கு ஏன் சுவரில் ஏறியது என்பது புரியும்.

காஞ்சியின் புகழ்பெற்ற கல்விச்சாலை கடிகை. அதைப் பற்றிய பழைய செய்திகளில் முக்கியமானது வெளியூரிலிருந்து வருகிறது. கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்துத் தாளகுந்தாவில் உள்ள 5ஆம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு, கடம்ப அரச மரபைத் தொடங்கிய மயூரசர்மனின் கதையைச் சொல்கிறது. தன் ஆசான் வீரசர்மனோடு வேதக் கல்வியை முழுதாக முடிக்கக் காஞ்சிக்கு வந்து கடிகையில் சேர்ந்தான். அங்கே பல்லவரின் குதிரை வீரன் ஒருவனோடு சண்டை மூண்டது. அந்த அவமானம் தாளாமல் புத்தகத்தை வைத்துவிட்டு வாளை எடுத்தான். குதிரை வீரனைக் குறிப்பதாகக் கொள்ளும் சொல்லுக்குக் குதிரை வேள்வி என்று பொருள் கொள்வோரும் உண்டு. எப்படியானாலும், வெளிநாட்டிலிருந்து மாணவன் வந்து தங்கிப் படித்த இடம் என்பது தெளிவு. ஓர் அரச மரபே இந்த ஊரின் மாணவர் தகராறு ஒன்றில் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டது என்பதை இன்றைய விடுதிக் காப்பாளர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அடுத்த செய்தி வேலூர்ப்பாளையம் செப்பேட்டில் இருக்கிறது. கந்தசிஷ்யன் என்ற பல்லவன், சத்தியசேனன் என்ற அரசனிடமிருந்து கடிகையைக் கைப்பற்றினான் என்கிறது அது. கைப்பற்றும் அளவுக்கு அங்கே ஏதோ இருந்திருக்கிறது. வேதம் ஓதுகிற கூட்டத்தை யாரும் படையெடுத்துப் பிடிப்பதில்லை. கூட்டத்துக்கு உடைமை இருந்தால் பிடிப்பார்கள். அதே செப்பேடு, பல்லவன் இராசசிம்மன் கயிலாயத்தை ஒத்த கற்றளி எடுப்பித்ததையும் கடிகையை மீண்டும் நிலைநிறுத்தியதையும் சேர்த்தே பேசுகிறது. கற்றளி நிற்கிறது, கடிகையைக் காணோம்.

கடிகையாருக்கு இருந்த செல்வாக்குக்கு இரண்டு சான்றுகள் ஊருக்குள்ளேயே உண்டு. இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசில்லாமல் இறந்தபோது, புது அரசனைத் தேடிப் போனவர்களில் கடிகையாரும் இருந்தார்கள். சிறுவன் நந்திவர்மன் முடிசூடிய அந்தக் கதை வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் சிற்ப வரிசையாகவும் விளக்கக் குறிப்புகளாகவும் இருக்கிறது. இன்னொன்று பகைவன் பொறித்தது. சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்துக் கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைப் பதிவு செய்யும் கன்னடக் கல்வெட்டின் இறுதியில் ஒரு சாபம் உண்டு. இந்த எழுத்தை அழிப்பவன், இந்நகரத்துக் கடிகை மகாஜனத்தைக் கொன்றவர்கள் போகிற உலகத்துக்குப் போவான். கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் என்று பிற்காலக் கல்வெட்டுகள் சொல்லும் இடத்தில், வென்ற ஊரின் ஆசிரியர்களை நிறுத்தியிருக்கிறான் வென்றவன்.

இத்தனை பெயரும் புகழும் இருந்தும், இதுதான் கடிகை என்று சுட்டிக் காட்ட ஒரு சுவர் இதுவரை அடையாளம் காணப்படவில்லை. கைலாசநாதர் கோயிலின் திருச்சுற்றில் வரிசையாக நிற்கும் 58 சிறு கோயில்களைக் காட்டி, மாணவர்களும் முனிவர்களும் உட்கார்ந்து தியானித்த அறைகள் என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உள்ளே குனிந்து பார்த்தால் பின்சுவரில் இறைவுருவங்களும் மங்கிய சுவரோவியத் துண்டுகளும்தான் தெரியும். அவை தெய்வங்களின் இருப்பிடங்கள். மனிதன் கால் நீட்டிப் படுக்க அங்கே இடம் கிடையாது.

கடிகை ஏன் மறைந்தது என்பதற்கு மண்டகப்பட்டில் விடை இருக்கிறது. பல்லவன் மகேந்திரவர்மன் அங்கே குடைவித்த குகைக்கோயிலின் கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணச் சாந்தும் இல்லாமல் செய்த கோயில் என்று வியப்போடு அறிவிக்கிறது. அதாவது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டடம் என்றாலே அந்த நான்கும்தான். கல் மெல்ல மெல்லத் தெய்வத்துக்கு உரியதாயிற்று. மனிதர்கள், அரசர்கள் உட்பட, செங்கல்லிலும் மரத்திலும் தொடர்ந்தார்கள். கங்கைகொண்டசோழபுரத்தில் இராசேந்திரனின் பெரிய கோயில் முழுதாய் நிற்க, மாளிகைமேட்டில் அவன் அரண்மனைக்குச் செங்கல் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கங்கை கொண்டவனுக்கே இந்த நிலை என்றால், பிள்ளைகள் படுத்த கூரைக்கு என்ன மிஞ்சும்?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் சி. மீனாட்சி. பல்லவர் ஆட்சியையும் சமூக வாழ்வையும் பற்றிய அவருடைய நூல் 1938இல் வந்தது. கடிகை குறித்த இச்சான்றுகளையெல்லாம் ஒன்றாக வைத்துப் பேசியவர் அவர். வைகுண்டப் பெருமாள் கோயில் சிற்பங்களையும் தனி நூலாக ஆராய்ந்தார். அது அச்சாகி வந்தபோது அவர் உயிரோடு இல்லை. கடிகையைக் கட்டடமாகப் பார்ப்பதைவிட ஒரு குழுவாக, ஊருக்குள் வாக்கும் உரிமையும் பெற்ற மகாஜனமாகப் பார்க்கலாம் என்ற எண்ணம் அந்தச் சான்றுகளை அடுக்கிப் பார்க்கும்போதுதான் எழுகிறது. பள்ளிக்கூடம் அரசனைத் தேர்ந்தெடுக்காது, கடிகையார் தேர்ந்தெடுத்தார்கள்.

வேதக் கல்வியை மட்டும் வைத்துக் காஞ்சியின் கதையைச் சொன்னால் அது பாதிக் கதைதான். ‘பள்ளி’ என்ற சொல்லையே பாருங்கள். படுக்கை, உறங்குமிடம், துறவியர் தங்குமிடம், பிறகு கல்விக்கூடம். பள்ளியறையும் பள்ளிக்கூடமும் ஒரு வேரிலிருந்து கிளைத்தவை. சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடத்தில் ஊர்ப் பிள்ளைகள் எழுத்துக் கற்றதால் உறங்குமிடம் கற்குமிடமாயிற்று என்பது அறிஞர் பலர் கூறும் விளக்கம். அப்படியானால் தமிழில் விடுதிதான் முதலில் வந்தது, வகுப்பறை அதன் பின்னால் வந்தது.

பௌத்தர்களின் விடுதி எப்படி இருந்தது என்பதற்கு நம்மிடம் உள்ள சாட்சி ஒரு நகைச்சுவைக்காரர், போதாததற்கு அரசர். மகேந்திரவர்மன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசன’த்தில் நாகசேனன் என்ற பிக்கு, காஞ்சியில் ஒரு வணிகன் வீட்டில் வயிறார விருந்துண்டுவிட்டு இராசவிகாரத்துக்குத் திரும்புகிறான். வழியில் புத்தரை மெச்சுகிறான்: நல்ல மாளிகையில் தங்கல், விரித்த கட்டிலில் உறக்கம், முற்பகலில் சாப்பாடு, பிற்பகலில் மணம் கமழும் பானம், வெற்றிலை, மெல்லிய ஆடை. இவ்வளவும் அருளிய பெருமான் பெண்ணையும் மதுவையும் மட்டும் ஏன் விலக்கினார் என்பதுதான் அவன் கவலை. கேலிக்காக மிகைப்படுத்தியது உண்மை. என்றாலும், காஞ்சி விகாரங்கள் வசதியான கட்டடங்கள் என்று பார்வையாளர்களுக்குத் தெரிந்திருந்தால்தான் அந்தக் கேலி எடுபடும். அதே நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் சுவான் சாங், திராவிட நாட்டில் நூறு அளவில் சங்காராமங்களும் 10,000 துறவியரும் இருப்பதாக எழுதினார். நாளந்தாவின் தலைவராயிருந்த தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்றும் குறித்தார். இன்று எஞ்சியவை சில புத்தர் சிலைகள். டி.ஏ. கோபிநாத ராவ் 1915இல் அவற்றைத் தேடித் தொகுத்து எழுதினார். காமாட்சியம்மன் கோயிலில் இருந்த ஆளுயரத்துக்கு மேற்பட்ட நின்ற புத்தர் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டார்.

சமணர் நிலை சற்றே தேவலாம். வேகவதியின் அக்கரையில் திருப்பருத்திக்குன்றம், பழைய பெயரில் ஜினகாஞ்சி. நெசவூரின் எல்லையில் பருத்தியின் பெயரால் ஒரு சமணக் குன்றம். அங்கே விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387இல் தம் ஆசான் புஷ்பசேனரின் விருப்பப்படி எடுப்பித்த சங்கீத மண்டபம் இன்னும் நிற்கிறது, விதான ஓவியங்களோடு. ‘மேருமந்தர புராணம்’ பாடிய வாமன முனிவரோடு சேர்த்துப் பேசப்படும் இடமும் அதுவே. ஆசான், மாணாக்கர், ஆசான் சொல்லி மாணாக்கர் எழுப்பிய மண்டபம்: இந்த வட்டாரத்தில் கல்வியின் கட்டடம் என்று தொட்டுக் காட்டக்கூடிய ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

இன்னும் சற்றுத் தெற்கே, வந்தவாசிப் பக்கத்து விடாலில், முதலாம் ஆதித்தன் காலத்ததாகக் கொள்ளப்படும் கல்வெட்டு ஒன்று என்னை நெடுநாள் பிடித்து வைத்திருந்தது. கனகவீரக் குரத்தியார் என்ற பெண் துறவி, அவரிடம் பயின்ற பெண் மாணாக்கியர் 500 பேர். அவர்களுக்கும் இன்னொரு சாராரான 400 பேருக்கும் பிணக்கு. குரத்தியாருக்கும் அவர் மாணாக்கியருக்கும் காவலும் சோறும் தருவதாக ஊரார் ஏற்றுக்கொண்டதைக் கல் சொல்கிறது. ஆர்க்காட்டுப் பக்கம் விளாப்பாக்கத்தில், முதலாம் பராந்தகன் காலத்தில், பட்டினிக் குரத்தி அடிகள் என்பவர் வெட்டிய கிணறும் அதைச் சார்ந்த இடமும் பெண்பள்ளியாயின. ஐந்நூறு பெண்கள் தங்கிப் படித்த இடம் 9ஆம் நூற்றாண்டில் காஞ்சிக்கு அருகே இருந்திருக்கிறது. பெண் கல்வியைப் பாதிரியார்கள் கப்பலில் கொண்டுவந்தார்கள் என்று தொடங்கும் மேடைப் பேச்சுகளை நான் இதற்குப் பிறகு முழுதாகக் கேட்பதில்லை.

இனி நிலம். விடுதிப் பள்ளியின் நிலம் என்றதும் நமக்குத் திடலும் தோப்பும் தோன்றும். பல்லவர், சோழர் காலத்தில் அது வயல். அதுவும் பள்ளியிலிருந்து தள்ளி, பிள்ளைகள் கண்ணால் பார்த்தேயிராத ஊரில் இருக்கும். பாகூர் வித்தியாஸ்தானத்துக்குப் பல்லவன் நிருபதுங்கன் கொடுத்தது மூன்று ஊர்கள். விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு கணக்கை இன்னும் நுணுக்கமாகத் தருகிறது. இளநிலை மாணவர் 270, மேல்நிலை மாணவர் 70, ஆசிரியர் 14. இளையவருக்கு நாள்தோறும் ஆறு நாழி நெல், மூத்தவருக்கு ஒரு குறுணி இரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்று வைத்துக் கூட்டிப் பாருங்கள்: மாணவர்களுக்கு மட்டும் ஒரு நாளைக்கு 24 கலமும் 2 குறுணியும். இதைத் தாங்க 45 வேலி நிலம். இன்றைய கணக்கில் ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர் என்றால், 340 பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க 300 ஏக்கர் நன்செய் விளைய வேண்டியிருந்தது. பள்ளியின் அளவை அறைகளால் அளப்பது நம் பழக்கம், அவர்கள் வேலியால் அளந்தார்கள். மழை பொய்த்த ஆண்டில் எண்ணாயிரத்தின் வகுப்பறை எது என்று கேட்டால், வறண்டு வெடித்த அந்த 45 வேலிதான்.

விடுதி என்றால் ஒழுங்கு விதிகளும் உண்டு. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் குமரி நாட்டுப் பார்த்திவசேகரபுரத்தில் ஏற்படுத்திய சாலையில் 95 சட்டர்கள், அதாவது வேதம் பயிலும் மாணவர்கள். அதற்கான செப்பேடு சண்டைக்கும் ஏச்சுக்கும் தண்டம் வைக்கிறது, ஆயுதம் எடுத்தால் சோற்றை நிறுத்துகிறது, மடத்துக்குள் பணிப்பெண்ணை வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. விதி இருந்தால் அதை மீறியவனும் இருந்திருப்பான். காஞ்சிக் கடிகையில் வாளைத் தேடிய மயூரசர்மனுக்கு இப்படியொரு செப்பேட்டைக் காட்டியிருந்தால் கர்நாடக வரலாறு வேறாகியிருக்கும்.

இப்போது மறுபடியும் பாலாற்றங்கரை. திருமுக்கூடலில் பள்ளி இயங்கிய இடத்துக்குக் கல்வெட்டு பெயரே கொடுக்கிறது: ஜனநாத மண்டபம். ஜனநாதன் என்பது முதலாம் இராசராசனின் பட்டப்பெயர்களில் ஒன்று. மண்டபத்தை எடுப்பித்தவன் மாதவன் தாமயன் என்ற வைசியன். கோயில் பெருமாளுக்கு, மண்டபம் வணிகன் கட்டியது, நெல் வயலைக்காவூர் என்ற ஊரிலிருந்து வருகிறது. பள்ளிக்கென்று தனியாக ஒரு செங்கல்லும் இல்லை. ஒரே கூரையின் கீழ் வகுப்பு, விடுதி, மருத்துவமனை மூன்றும். பகலில் ஓதிய இடத்தில் இரவில் பாயை விரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பாய் என்ற பொருளின் வசதியே அதுதான், சுருட்டி ஓரமாகச் சாத்தினால் படுக்கையறை மறைந்து வகுப்பறை வந்துவிடும். நம் வீடுகளில் ஒற்றைக் கூடமே பகலில் கூடமாகவும் இரவில் படுக்கையறையாகவும் இருந்தது அண்மைக்காலம் வரைக்கும்தான்.

உணவு பெற்றவர்கள் 60 பேர். இருக்கு வேதம் படிப்போர் 10, யசுர் வேதம் படிப்போர் 10, வியாகரணமும் ரூபாவதாரமும் படிப்போர் 20. மீதிப் பேரில் பாஞ்சராத்திரர், வைகானசர், சிவப்பிராமணர் உண்டு. பெருமாள் கோயில் மண்டபத்தில் சிவப்பிராமணருக்கும் இலை போட்டிருக்கிறார்கள். ரூபாவதாரம் எழுதிய தர்மகீர்த்தி பௌத்தர். பாணினியைப் பாடத்துக்கேற்ப மாற்றி அடுக்கியவர். இராசவிகாரத்தின் கட்டில்கள் மண்ணாய்ப் போன பின்னும், பௌத்தர் ஒருவரின் இலக்கணம் பெருமாள் கோயில் மண்டபத்தில் மனப்பாடமாகிக்கொண்டிருந்தது. கட்டடத்தைவிடப் பாடநூலுக்கு ஆயுள் நீளம்.

சம்பளப் பட்டியலும் சுவாரசியமானது. வேத ஆசிரியருக்கு ஆண்டுக்கு 60 கலம் நெல்லும் 4 காசும். இலக்கண ஆசிரியருக்கு 120 கலமும் 10 காசும். இதே மண்டபத்தில் இருந்த மருத்துவமனையின் பெயர் வீரசோழன், படுக்கை 15. மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு 90 கலமும் 8 காசும். இலக்கணம் சொல்லித் தந்தவர் வைத்தியரைவிடக் கூடுதலாக வாங்கியிருக்கிறார். தமிழாசிரியர்கள் இதைச் சம்பளக் குழுவிடம் எடுத்துச் சொல்லலாம். அறுவை செய்பவருக்கு 30 கலம். மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்ச இரண்டு பேர், நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள், ஒரு நாவிதர், தண்ணீர் எடுப்பவர் ஒருவர். ஓராண்டுக்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் வரிசையில் தசமூல அரீதகி, வில்வாதி நெய், மண்டூர வடகம், கல்யாண லவணம் போன்றவை வருகின்றன. இரவில் மருத்துவமனைக்கும் ஒரு விளக்கு.

இவையெல்லாம் சுவரில் ஏன் ஏறின? வயலைக்காவூரின் வருவாய் இனி எப்படிச் செலவாக வேண்டும் என்பதை வருங்காலத்து அதிகாரியும் ஊர்ச் சபையும் மாற்றிவிடாமலிருக்கத்தான். மண்டபம் இடிந்தால் இன்னொரு வணிகன் கட்டிக்கொடுப்பான். கணக்கு காணாமல் போனால் மறுநாளே உலை கொதிக்காது. அதனால் மண்டபத்தைவிடக் கணக்கைத்தான் கல்லில் காப்பாற்றினார்கள். கட்டட வரைபடம் கிடைக்காத பள்ளிக்கு இந்தச் செலவுப் பட்டியல்தான் வரைபடம். எத்தனை பேர் படுத்தார்கள், எந்த மூலையில் விளக்கு எரிந்தது, எங்கே மருந்து கொதித்தது என்பதை அதைக் கொண்டே ஓரளவு கட்டி எழுப்பிவிடலாம்.

அந்தப் பாயில் யாருக்கு இடமில்லை என்பதும் அதே பட்டியலிலிருந்து தெரிகிறது. வேதம் படிக்க உரிமையுள்ள குலத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமான விடுதி அது. காஞ்சியின் நெசவாளர்களை எடுத்துக்கொள்வோம். உத்தம சோழனின் சென்னை அருங்காட்சியகச் செப்பேடு, கச்சிப்பேட்டின், அதாவது காஞ்சியின், ஊரகத்துப் பெருமாள் கோயிலைப் பற்றியது. அரசனுக்குத் துணி நெய்த பட்டசாலியர் குடியிருந்த நான்கு சேரிகள் அதில் வருகின்றன: கம்புழான்பாடி, அதிமானப்பாடி, கஞ்சகப்பாடி, ஏற்றுவழிச்சேரி. கோயிலின் பொருளையும் கணக்கையும் மேற்பார்க்கும் பொறுப்பு அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. கோயில் கணக்கைச் சரிபார்க்கத் தெரிந்த சமூகம் அது. ஆனாலும் கோயில் நெல்லைத் தின்று தங்கிப் படிக்கும் மண்டபத்துக்குள் அவர்கள் பிள்ளைகளுக்கு இடமில்லை. எழுத்தும் எண்ணும் தொழிலோடு சேர்ந்து வீட்டிலேயே வந்தன. நெசவாளன் வீட்டுக் குழித்தறிதான் அவன் வகுப்பறை; குழியில் காலை விட்டு உட்கார்ந்து, பாவையும் ஊடையையும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்த வகுப்பறைக்கும் ஓர் இருண்ட மூலை உண்டு. கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா. நெய்பவருக்கு எதிர்க்கரை நாடாவைத் தள்ளிவிட உதவியாள் ஒருவர் வேண்டும். சேலையின் உடலும் கரையும் தனி நிறத்தில் கோத்து வருகிற அந்த அழகில், பல தலைமுறைக்கு அந்த உதவியாள் ஒரு குழந்தை. முன்பணம் வாங்கிய கடனுக்காகத் தறியில் உட்கார்ந்த காஞ்சிபுரத்துப் பிள்ளைகளைப் பற்றி ‘ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்’ 2003இல் வெளியிட்ட பட்டுத் தொழில் அறிக்கை விரிவாகப் பேசுகிறது. அவர்களில் சிலருக்கு எழுத்தறிவு தர அரசு தனிப் பயிற்சி மையங்களைத் திறக்க வேண்டியிருந்தது. பிள்ளை காலையில் போய் உட்கார்ந்து மாலைவரை ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்தான், சரி. ஆனால் அவன் வீட்டுக்கு நெல் யாரும் அளக்கவில்லை, கடனைத்தான் அளந்தார்கள்.

நிலத்தை உழுதவர்கள் அதற்கும் வெளியே. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹியர், அப்போது காஞ்சியையும் உள்ளடக்கியிருந்த அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனையும்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை, நிலமில்லாமல் கல்வியும் விடுதலையும் வராது என்ற பொருளில் அது வாதாடியது. 1892இல் பிறந்த அரசாணையே பின்னாளில் பஞ்சமி நிலம் என்று பேர் பெற்றது. அந்த நிலத்தில் எவ்வளவு கைமாறிப் போனது என்பது இன்றும் ஓயாத வழக்கு. ஆனால் டிரெமன்ஹியரின் வாதம் எண்ணாயிரத்துக் கல்வெட்டு எழுதியவருக்குப் புதிதாகத் தோன்றியிருக்காது. பிள்ளை உட்கார்ந்து படிக்க எங்கோ ஒரு வயல் அவனுக்காக விளைய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வயல் யாருக்காக விளைந்தது என்பதில்தான் எண்ணூறு ஆண்டுத் தகராறு.

திருமுக்கூடல் கோயிலுக்குப் போக நல்ல நாள் மாட்டுப் பொங்கல். அன்று பார்வேட்டை. காஞ்சி வரதர் இரவெல்லாம் புறப்பாடாக வந்து பழைய சீவரத்து மலையேறி, மாலையில் ஆற்றைக் கடந்து இந்தக் கரைக்கு வருவார். சுற்றூர்ப் பெருமாள்களும் வந்து சேர, ஐந்து பெருமாள்கள் ஒன்றாக நிற்பார்கள். மணலில் கடைகள், ராட்டினம், கரும்புக் கட்டு. கட்டுச்சோற்றை அவிழ்த்து உட்காரும் குடும்பங்கள் நிழலுக்கு ஒதுங்குவது மதிலோரம். பழைய போர்வையையோ பிளாஸ்டிக் பாயையோ விரித்து, பிள்ளைகளைப் படுக்கவைத்து, பெரியவர்கள் சுவரில் சாய்ந்துகொள்வார்கள். அந்தக் கோயிலின் கல்லில்தான் சனிக்கிழமை எண்ணெயும் இரவு விளக்கும் அறுபது பேருக்கு நெல்லும் எழுதியிருக்கிறது.